பெரிய நிலத்தில் புல்வெட்டும் வண்டி பாதி வேலையில் நின்றுவிடுகிறது, நடுவில் கோடு கோடாகப் புல் தப்புகிறது

மேட்டுநிலம் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்கு சுமார் ஐந்து ஏக்கர் நிலம். வீட்டைச் சுற்றி ஒரு பகுதி சமமான தரை, அதை ஒட்டி மரங்கள், அதற்குப் பின்னால் நல்ல சரிவு, சரிவு முடியும் இடத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் தாழ்ந்த நிலம். வெட்டுவதற்கு உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஒன்று வைத்திருக்கிறேன், ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின், அடியில் இரண்டு பிளேடு. ஏற்கெனவே ஒருவர் ஓட்டியதைத்தான் வாங்கினோம், கையேடு கூட இல்லாமல் வந்தது.

பிரச்சினை இதுதான். குளிர்ந்த எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்துக்கொள்கிறது, அரைமணி நேரம் நன்றாகவே ஓடுகிறது, அப்புறம் இருமுவது போல விட்டு விட்டு ஓடி நின்றுவிடுகிறது. உடனே ஸ்டார்ட் செய்தால் பிடிக்காது. கொஞ்ச நேரம் விட்டுவிட்டுப் போய் வந்தால் ஒன்றும் நடக்காதது போல ஓடுகிறது. ஸ்பார்க் பிளக் புதிதாக மாற்றிவிட்டேன், பெட்ரோலும் புதியது, மாற்றம் ஒன்றும் இல்லை.

இரண்டாவது, இரண்டு பிளேடுக்கும் நடுவில் விரல் அகலத்துக்குப் புல் வெட்டாமல் நிற்கிறது. திரும்ப அதே தடத்தில் ஓட்டினால்தான் போகிறது, அப்படி ஓட்டினால் நேரமும் பெட்ரோலும் இரட்டிப்பாகிறது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மழை விட்ட பிறகு பின்பக்கம் புல் இடுப்பு உயரம் வந்துவிட்டது. இந்த வண்டியை அதில் இறக்கலாமா, சரிவில் எப்படி ஓட்டுவது? பெரிய இடம் வைத்திருப்பவர்கள் எப்படித் திட்டமிட்டு வெட்டுகிறீர்கள் என்றும் சொன்னால் நல்லது.


ஆயில்கை:

நண்பரே, சூடானதும் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது என்றால் தேட வேண்டிய இடங்கள் குறைவுதான். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கண்டுபிடித்துவிடலாம், பாகம் பாகமாக வாங்கி மாற்றிப் பார்க்காதீர்கள்.

முதலில் பெட்ரோல் டேங்க் மூடி. அதில் காற்று உள்ளே போக நுண்ணிய துளை இருக்கும், தூசி அடைத்துவிட்டால் பெட்ரோல் இறங்க இறங்க டேங்க்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் வருவதே நின்றுவிடும். ஆற விடும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடுவதால் மறுபடி ஓடும், நாம் சூட்டின் மேல் பழியைப் போடுவோம். அடுத்த முறை நின்றவுடன் பிளேடை விடுவித்து, சாவியை எடுத்துவிட்டு மூடியை மட்டும் மெல்லத் திருகித் தளர்த்துங்கள். முகத்தை மேலே கொண்டுபோக வேண்டாம், பக்கத்தில் நெருப்பு கூடாது, சூடான எஞ்சினில் ஒரு சொட்டு கூடச் சிந்தக் கூடாது. காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, மூடியை மூடியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டால் காரணம் அதுதான். மூடியைக் கழுவி ஊதிச் சுத்தம் செய்யுங்கள், அல்லது புதிது போடுங்கள்.

அது இல்லை என்றால் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயில். சூட்டில் காயிலின் உள்சுற்று விட்டுப்போய், ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்வது பழைய எஞ்சின்களில் சாதாரணம். இதைச் சோதிக்க வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே பொறி வருகிறதா என்று பார்க்க வேண்டும், பத்து நிமிடம் கழித்துப் பார்த்துப் பயனில்லை. பொறி பார்க்கும் சின்னக் கருவி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வெட்டப் போங்கள். பொறி இல்லை என்றால் காயில், பொறி நன்றாக இருந்தால் பெட்ரோல் பக்கம், அதாவது மூடி, ஃபில்டர், குழாய், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டர் என்று வரிசையாகப் போகலாம்.

எது காரணமாக இருந்தாலும் எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிப் பாருங்கள் என்பேன். இவை காற்றால் குளிரும் எஞ்சின்கள். மேலே இருக்கும் விசிறி இழுத்துத் தள்ளும் காற்று சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளுக்கு நடுவில் ஓடினால்தான் சூடு இறங்கும். காய்ந்த புல்தூசி அந்த இடுக்குகளில் மெத்தை போல அடைந்திருக்கும், எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு. வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. குச்சி, பிரஷ், காற்று எதையாவது வைத்து முழுக்க எடுத்துவிடுங்கள். ஏற்கெனவே ஓடிய வண்டி என்கிறீர்கள், அந்த மூடியை வாழ்நாளில் ஒருமுறை கூடத் திறக்காத வண்டிகள்தான் அதிகம்.

கையேடு இல்லாததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் மேல் பொறித்திருக்கும் மாடல் எண்ணை வைத்துத் தேடினால் கையேடு பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கும். ஆயில் இந்த வகைக்கு எஸ்.ஏ.இ. 30 அல்லது 10டபிள்யூ-30. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள், தூசியும் வெயிலும் அதிகம் என்றால் அதில் பாதியிலேயே மாற்றிவிடுவது நல்லது. அளவுக்கோலை இழுக்கும்போது முகர்ந்தும் பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் வாடை அடித்து, அளவும் ஏறியிருந்தால் கார்புரேட்டரில் மிதவை ஊசி மூடாமல் பெட்ரோல் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அந்த ஆயிலோடு ஒரு நிமிடம் கூட ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

ஏர் ஃபில்டரில் காகிதத்தைக் கழுவக் கூடாது, தட்டினால் போகும் அளவு தூசி என்றால் தட்டலாம், கறுத்திருந்தால் மாற்ற வேண்டும். மேலே ஸ்பாஞ்ச் உறை இருந்தால் அதைச் சோப்புத் தண்ணீரில் அலசி நன்றாகக் காயவைத்துப் போடலாம். ஃபில்டர் இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று மட்டும் யாரும் ஆரம்பிக்காதீர்கள், மண்தூசி உள்ளே போனால் சிலிண்டர் தேய்ந்துவிடும், அதற்கு மருந்து கிடையாது.


அரமும்கல்லும்:

நடுக்கோட்டுக்கு நான் பதில் சொல்கிறேன். இரண்டு பிளேடு வண்டியில் ஒன்றின் வட்டமும் அடுத்ததன் வட்டமும் கொஞ்சம் ஒன்றின் மேல் ஒன்று ஏறித்தான் அமைந்திருக்கும். பிளேடின் நுனி மண்ணிலும் கல்லிலும் உரசி வளைவாகத் தேய்ந்துவிட்டால் அந்த ஏற்றம் குறைந்து நடுவில் இடைவெளி விழும். உங்களுடையது அப்படித்தான் என்று நினைக்கிறேன். நுனி சதுரமாக இல்லாமல் உருண்டிருந்தால் எவ்வளவு தீட்டினாலும் கோடு போகாது, பிளேடை மாற்றத்தான் வேண்டும், இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள்.

பிளேடின் பின்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்கும் இல்லையா, அந்த இறக்கையையும் பாருங்கள். படுத்திருக்கும் புல்லைக் காற்றால் இழுத்து நிமிர்த்துவது அதுதான். மணற்பாங்கான நிலத்தில் அது உள்ளிருந்தே அரிபட்டு மெலியும். இறக்கையும் தட்டையான பாகமும் சேரும் இடத்தில் பள்ளமோ வெடிப்போ தெரிந்தால் யோசிக்காமல் எறிந்துவிடுங்கள், ஓடும்போது அந்தத் துண்டு பிய்ந்து பறக்கும்.

தீட்டுவது பற்றி. முதலில் பிளக் வயரைக் கழற்றி எட்ட ஒதுக்கி வையுங்கள், சாவியை எடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். பிளேடைக் கையால் சுற்றினால் எஞ்சினும் சுற்றும் வகை வண்டிகளில் அது தானாகப் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. மேல்பக்கச் சாய்வை மட்டும் தீட்டுங்கள், சுமார் 30 டிகிரி, ஏற்கெனவே இருக்கும் சாய்வையே பின்தொடர்ந்தால் போதும். விளிம்பைச் சவரக்கத்தி போல மெலிதாக்கினால் முதல் கல்லிலேயே மடங்கிவிடும், வெண்ணெய்க் கத்தி அளவு கூர்மை தாராளம். கிரைண்டர் பயன்படுத்துபவர்கள் ஒரே இடத்தில் அழுத்தாதீர்கள், இரும்பு நீலநிறம் அடித்தால் பதம் போய்விட்டது. எனக்குப் பிடித்தது அரம்தான், நேரம் ஆகும், ஆனால் பிளேடு கெடாது.

தீட்டியதும் சமநிலை பார்க்காமல் மாட்டவே கூடாது. சுவரில் ஆணி அடித்து நடுத்துளையை அதில் மாட்டிப் படுக்கையாக விடுங்கள். ஒரு பக்கம் இறங்கினால் அந்தப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் இராவுங்கள், இரண்டு பக்கமும் நிற்கும் வரை. சமமில்லாத பிளேடு அந்த வேகத்தில் தரும் அதிர்வு நேராகப் பேரிங்குக்கும் டெக்குக்கும், அதாவது பிளேடுகளை மூடியிருக்கும் அடித்தகட்டுக்கும், போகும். பிளேடு கழற்றியிருக்கும்போதே அச்சைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினாலோ சுற்றும்போது நறநறவென்று கேட்டாலோ பேரிங் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

பிளேடு மழுங்கியதைப் புல்லே சொல்லும். வெட்டிய மறுநாள் நுனிகள் நார் நாராகக் கிழிந்து வெளுத்துப் பழுப்பாக இருந்தால் வெட்டவில்லை, பிய்த்திருக்கிறது. 20, 25 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை தீட்டுவது வழக்கம், உங்கள் நிலத்தில் கல் அதிகம் என்றால் அதற்கும் முன்பே. இரண்டாவது ஜோடி பிளேடு வாங்கி வைத்துக்கொண்டால் வெட்டும் நாளில் தீட்டிக்கொண்டு உட்கார வேண்டாம்.

பிளேடு மாற்றியும் ஒரு பக்கம் தாழ்வாக வெட்டினால் முதலில் நான்கு டயரிலும் காற்றைச் சரிபாருங்கள், டெக்கைத் திருகுவதற்கு முன்னால். காற்று சரியான பிறகு சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, பிளேடு நுனியிலிருந்து தரைக்கு அளந்து பாருங்கள். இடம் வலம் வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். முன்பக்கம் பின்பக்கத்தைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது நல்லது, அப்போதுதான் ஒரே புல்லை இரண்டு முறை வெட்டி எஞ்சினை வீணாக இழுக்காது. பெல்ட்டையும் பாருங்கள். விளிம்பு பளபளவென்று கண்ணாடி போல ஆகியிருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ அது வழுக்குகிறது, பிளேடு வேகம் குறைந்தாலும் இதே மாதிரிக் கோடு விழும்.


பசும்வெளி:

இடுப்பு உயரப் புல்லில் அந்த வண்டியை இறக்க வேண்டாம். புல்தரை வெட்டும் டெக் அதற்காகச் செய்யப்பட்டதே இல்லை, புல் அடியில் சுருண்டு அடைத்து, பெல்ட் கருகி, சூடான சைலன்சரின் மேல் காய்ந்த புல் விழுந்து தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. முதல் வெட்டுக்குத் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டும் பிரஷ் கட்டர், அல்லது டிராக்டர் கிடைத்தால் பின்னால் மாட்டும் ஃப்ளெய்ல் மோவரோ ஸ்லாஷரோ வாடகைக்கு எடுங்கள். இரண்டில் ஃப்ளெய்ல்தான் என் தேர்வு. தண்டில் தொங்கும் சின்னச் சின்னக் கத்திகள் கல்லில் பட்டால் மடங்கிப் பின்வாங்கும், தூக்கி எறிவது குறைவு, புல்லையும் பொடியாக்கிப் பரப்பிவிடும். ஸ்லாஷர் தடித்த புதருக்கு நல்லது, ஆனால் வெட்டியதை வரிசையாகக் குவித்துவிடும், கல்லையும் தூரம் எறியும்.

பிரஷ் கட்டர் டூ ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் ஆயில் கலவை 1:50, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. சில பழைய எஞ்சின்கள் 1:25 கேட்கும், அப்போது 40 மில்லி. மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருப்பதைப் பின்பற்றுங்கள். இரும்பு பிளேடு பிடிக்கும் நட்டு பெரும்பாலும் இடப்புறத் திருகு, வழக்கமான பக்கம் திருப்பிப் பலம் கொடுத்தால் இன்னும் இறுகும்.

முதல் வெட்டில் தரையோடு ஒட்ட வெட்ட ஆசைப்படாதீர்கள். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பழைய விதி. இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்ட இடத்தில் அதைக் கடைப்பிடிக்க முடியாது, சரி, ஆனாலும் ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டு, சில நாள் கழித்து இறக்கிக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் வண்டியே போதும். வழக்கமான வெட்டுக்கு 8 முதல் 10 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். உயரமான புல் தரைக்கு நிழல் கொடுப்பதால் களை விதை முளைப்பது குறையும், வேர் ஆழமாகப் போகும், பிளேடு கல்லில் படுவதும் குறையும்.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது, ஐந்து ஏக்கரையும் ஒரே மாதிரி வெட்ட வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? வீட்டைச் சுற்றி அடிக்கடி வெட்டுங்கள், பாம்பு தெரிய வேண்டும், நடக்க வேண்டும். மரங்களுக்கு நடுவில் மாதம் ஒருமுறை போதும். தாழ்ந்த நிலத்தை வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, புல் விதை கட்டுவதற்கு முன்னால், மண் இறுகியிருக்கும்போது வெட்டினால் போதும். ஈர மண்ணில் வண்டியை இறக்கினால் டயர் தடம் பள்ளமாகி அடுத்த வருடம் முழுக்க அந்தப் பள்ளத்தில் குலுங்க வேண்டியிருக்கும். நடுவில் நடக்க ஒரு தடம் மட்டும் வெட்டிவிட்டு மீதியை விட்டால் பறவைகளும் பட்டாம்பூச்சிகளும் தங்கும், உங்கள் பெட்ரோலும் மிஞ்சும். முழு நிலத்தையும் மொட்டையடித்துத்தான் ஆக வேண்டும் என்பது தேவையில்லாத உழைப்பு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உயரமான புல்லை வெட்டும்போது நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாகப் போங்கள். ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே வந்தால் முயலும் காடைக்குஞ்சும் நடுவில் சிக்கிக்கொள்ளும், கடைசிச் சுற்றில் தப்ப வழியிருக்காது.


சரிவுக்காரர்:

பசும்வெளி சொன்னதோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன், ஒன்றைத் தவிர. தாழ்ந்த நிலத்தைப் பல மாதம் விட்டால் புல்லோடு முள்செடியும் மரக்கன்றும் வந்துவிடும். கட்டைவிரல் பருமனுக்கு மேல் தண்டு போனால் ஃப்ளெய்லும் திணறும். அதனால் வருடத்துக்கு இரண்டு முறை என்பதைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றாகக் குறைக்க வேண்டாம்.

சரிவு பற்றி ஒருவரும் விரிவாகச் சொல்லவில்லை, எனக்கு அதுதான் கவலை. உட்கார்ந்து ஓட்டும் வண்டி சரிவில் மேலும் கீழுமாக ஓட வேண்டும், குறுக்கே ஓடக் கூடாது. தள்ளிக்கொண்டு நடக்கும் வண்டி நேர் எதிர், குறுக்கேதான் ஓட்ட வேண்டும், ஏனென்றால் மேலே தள்ளும்போது கால் வழுக்கினால் வண்டி உங்கள் மேலேயே வரும். 15 டிகிரிக்கு மேல் உட்கார்ந்து ஓட்டும் வண்டியை ஏற்றவே வேண்டாம். கண்ணால் கணிக்க முடியாது, அளந்து பாருங்கள். 10 மீட்டர் கிடைத்தூரத்துக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் உயர்ந்தால் எல்லைக்கு வந்துவிட்டீர்கள். அதற்கு மேல் இருக்கும் பகுதிக்கு பிரஷ் கட்டர்தான். சரிவின் நடுவில் திரும்பாதீர்கள், பிளேடை விடுவித்து, சமதளத்துக்கு வந்து திரும்புங்கள். காலைப் பனி காயாத புல்லில் டயர் பிடிப்பே இருக்காது, வெயில் ஏறட்டும். தலைக்கு மேல் பாதுகாப்புக் கம்பி உள்ள வண்டியில் பெல்ட் கட்டியே தீர வேண்டும், கம்பி இல்லாத வண்டியில் கட்டக் கூடாது, கவிழ்ந்தால் குதித்து விலக வழி வேண்டும்.

வெட்டுவதற்கு முன் நடந்து பாருங்கள். கல், கம்பித்துண்டு, வெட்டிய அடிமரம், கரையான் புற்று எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு குச்சியில் துணி கட்டி நட்டுவிடுங்கள். அமெரிக்கத் தரவிதியில் பிளேடு நுனியின் வேகத்துக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பே நொடிக்கு சுமார் 96 மீட்டர், அதாவது மணிக்கு 340 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேகத்தில் ஒரு கம்பித்துண்டு எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. குழந்தைகளும் நாயும் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு ஓட்டுவது அறவே கூடாது. டிராக்டர் வாடகைக்கு எடுத்தால் பி.டி.ஓ. தண்டின், அதாவது டிராக்டரிலிருந்து பின்னால் மாட்டிய கருவியைச் சுழற்றும் தண்டின், மேலுறை முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 540 சுற்று என்றால் நொடிக்கு ஒன்பது, துணியின் ஓரம் சிக்கினால் கையை இழுக்க நேரம் கிடைக்காது.

அடிமரத்தில் பிளேடு மோதி எஞ்சின் சட்டென்று நின்று, அதன் பிறகு பிடிக்கவில்லை, அல்லது பின்னால் உதைக்கிறது என்றால், ஃப்ளைவீல் எனும் எஞ்சின் சக்கரத்தைத் தண்டோடு பிடித்துவைக்கும் சாவித்துண்டு அறுந்திருக்கலாம். பிளேடு நேராக எஞ்சின் தண்டிலேயே மாட்டியிருக்கும் தள்ளும் வண்டிகளில் இது அதிகம். பொறி வரும், பெட்ரோல் வரும், நேரம் மட்டும் தப்பிவிடும். மிகச் சின்ன உலோகத்துண்டு, இது தெரியாமல் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுத் தேடுபவர்கள் நிறையப் பேர்.


மேட்டுநிலம்:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஆயில்கை அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே. நின்றதும் மூடியைத் தளர்த்தினேன், உஸ் என்று காற்று உள்ளே போனது, மூடி ஸ்டார்ட் செய்தால் உடனே பிடித்துக்கொண்டது. மேல்மூடியையும் கழற்றினேன், தகடுகளுக்கு நடுவில் கை நிறையக் காய்ந்த புல், கறுத்துப் போயிருந்தது. புது மூடி போட்டு, எல்லாம் சுத்தம் செய்த பிறகு வீட்டைச் சுற்றியுள்ள பகுதி முழுவதையும் நிற்காமல் வெட்டி முடித்தேன். பிளேடு நுனியும் உருண்டுதான் இருக்கிறது, புது ஜோடி வரவேண்டும். சரிவை அளந்தேன், மேல்பாதி எல்லையைத் தாண்டுகிறது, அங்கே இனி வண்டி ஏறாது. பின்பக்கத்துக்கு ஃப்ளெய்ல் சொல்லிவைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். டெக்கின் அடியில் ஒட்டிய புல்லைக் குழாய் வைத்துத் தண்ணீரால் கழுவலாமா? அப்புறம் புல் வளராத மாதங்களில் வண்டியைச் சும்மா நிறுத்தும்போது என்ன செய்ய வேண்டும்?


அரமும்கல்லும்:

நான் தண்ணீர் விடுவதில்லை. அச்சுப் பேரிங்குகளுக்குள் தண்ணீர் போவது ஒன்று, ஈரம் தங்கித் தகடு துருப்பிடிப்பது இன்னொன்று. சூடான எஞ்சின் மேல் தண்ணீர் பட்டால் அதுவும் கெடுதல். பிளக் வயரைக் கழற்றிவிட்டு, டெக்கை உயர்த்தி உறுதியாக முட்டுக் கொடுத்து, மரச்சட்டத்தாலோ பிளாஸ்டிக் சுரண்டியாலோ சுரண்டுங்கள். ஜாக்கி மட்டும் வைத்து அடியில் கை விடாதீர்கள். ஒவ்வொரு முறை வெட்டிய பிறகும் ஈரமாக இருக்கும்போதே சுரண்டினால் எளிதாக வரும், காய்ந்தால் சிமெண்டு போல் இறுகிவிடும். அடியில் புல் படிந்திருந்தால் காற்றோட்டம் கெட்டு, புது பிளேடு போட்டாலும் வெட்டு சீராக வராது. அச்சில் கிரீஸ் முனை இருந்தால் ஓரிரு அழுத்தம் போதும், அதிகம் ஏற்றினால் சீல் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

தள்ளும் வண்டியைச் சாய்க்க வேண்டி வந்தால் ஏர் ஃபில்டரும் கார்புரேட்டரும் மேலே இருக்கும்படிச் சாயுங்கள். எதிர்ப்பக்கம் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி, ஸ்டார்ட் செய்ததும் வெள்ளைப்புகை கிளம்பும்.


ஆயில்கை:

மூடிதான் என்று தெரிந்ததில் மகிழ்ச்சி, காயில் வாங்கும் செலவு மிச்சம்.

நிறுத்தி வைப்பதில் பெட்ரோல்தான் எல்லாம். பெட்ரோல் ஒரு மாதத்திலேயே பழசாகத் தொடங்கும், எத்தனால் கலந்தது என்றால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், ஈரம் அதிகமானால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும். கார்புரேட்டரில் மிஞ்சியது ஆவியாகி, பிசின் போலப் படிந்து, ஊசிமுனைத் துளைகளை அடைத்துவிடும். அடுத்த பருவத்தில் எஞ்சின் ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஓடினால் பெரும்பாலும் அந்தத் துளைதான் காரணம்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, டேங்க்கைக் காலி செய்து, தானாக நிற்கும் வரை ஓட விட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி மிச்சத்தையும் வடித்துவிடுவது. மற்றொன்று, நிலைப்படுத்தும் திரவம் கலந்த புது பெட்ரோலை நிரப்பி, அது கார்புரேட்டர் வரை போய்ச் சேரும்படிக் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துவது. நீண்ட மாதங்கள் என்றால் முதல் வழிதான் எனக்கு நம்பிக்கை.

ஆயிலை நிறுத்துவதற்கு முன்பே மாற்றுங்கள், அடுத்த பருவத் தொடக்கத்தில் அல்ல. பழைய ஆயிலில் இருக்கும் அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் உள்ளே தங்கி உலோகத்தைத் தின்னும். எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது வடித்தால் அழுக்கும் சேர்ந்து வரும். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றிவிட்டு, பிளக்கைத் திரும்ப மாட்டுங்கள். பேட்டரியை எடுத்து உள்ளே வையுங்கள், மாதம் ஒருமுறை சார்ஜ் கொடுங்கள், முழுசாக இருந்தால் 12.6 வோல்ட் காட்டும். எலி வராமலிருக்க வண்டியை வைக்கோல், சாக்கு, காய்ந்த புல் குவியலுக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். முதல் முறை எடுக்கும்போது எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் மேல்மூடியைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வெட்டும்போது எஞ்சின் வேகத்தை எப்போதும் முழுசாக வைத்துக்கொள்ளுங்கள், இதையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சத்தம் குறையட்டும் என்று பாதியில் வைத்தால் பிளேடும் மெதுவாகிறது, குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகிறது. புல் கனமாக இருந்தால் எஞ்சினைக் குறைக்காமல் வண்டி நகரும் வேகத்தை மட்டும் குறையுங்கள். வேலை முடிந்ததும் பிளேடை விடுவித்து, ஒரு நிமிடம் மெதுவாக ஓட விட்டுப் பிறகு நிறுத்துங்கள். சைலன்சர் ஆறும் வரை காய்ந்த புல்லின் மேல் நிறுத்தி வைக்க வேண்டாம், மண்தரையிலோ சிமெண்டிலோ நிறுத்துங்கள்.